இந்தியாவில் பிறந்தும் இந்திய ஜெர்சி போட முடியாதா? கால்பந்து தகுதி விதிகள் சொல்வது என்ன?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தவர். ஆஸ்திரேலிய அணிக்காகவே ஒருமுறை களம் இறங்கியவர். அவர் இப்போது இந்திய அணிக்கு ஆடத் தகுதியானவர்.

இன்னொரு பக்கம், புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி அருகே உள்ள தோப்புக்கொல்லை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். அங்கே 2008-ல் பிறந்த ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். படித்தது இங்கே உள்ள பள்ளிக்கூடம். பந்து உதைத்துப் பழகியது இங்கே உள்ள மைதானம். இலங்கையை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் எவ்வளவு நன்றாக ஆடினாலும், இன்றைய நிலையில் இந்திய ஜெர்சி அவனுக்குக் கிடைக்காது.

"பெர்த்தில் பிறந்தவருக்கு உண்டு, புதுக்கோட்டையில் பிறந்தவனுக்கு இல்லையா? இது என்னங்க நியாயம்?" என்று கேட்கத் தோன்றும். பலரும் இதற்கு ஃபிஃபாவைத்தான் கை காட்டுகிறார்கள். உண்மையில் தடை அங்கே இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரயான் வில்லியம்ஸ் எப்படி இந்திய வீரர் ஆனார்?

பெங்களூரு எஃப்சி அணியின் முன்கள வீரர் ரயான் வில்லியம்ஸ். இவருடைய தாயார் மும்பையில் பிறந்த ஆங்கிலோ-இந்தியர். தாத்தா 1950-களில் சந்தோஷ் கோப்பையில் பம்பாய் அணிக்காக ஆடியவர். ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து, இந்தியக் குடியுரிமை பெற்ற வில்லியம்ஸ், 2025 நவம்பரில் இந்திய அணியின் பயிற்சி முகாமில் சேர்ந்தார்.

"ஏற்கெனவே ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர் ஆச்சே?" என்ற கேள்வி வரலாம். அவர் ஆடியது 2019-ல் தென் கொரியாவுக்கு எதிரான ஒரு நட்புப் போட்டி. ஃபிஃபா கணக்கில் ஒரு வீரரை ஒரு நாட்டோடு கட்டிப்போடுவது 'அதிகாரப்பூர்வத் தொடர்'. அதாவது உலகக் கோப்பை, ஆசியக் கோப்பை, அவற்றின் தகுதிச் சுற்றுகள் போன்றவை. நட்புப் போட்டி அந்தக் கணக்கில் சேராது. அதனால் அவருக்குக் கதவு திறந்தே இருந்தது.

இப்படி வந்தவர்களில் இவர் முதல் ஆளும் இல்லை. ஜப்பானில் பிறந்த இசுமி அராத்தாவின் தந்தை குஜராத்தி. ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியரான அவர் 2013-ல் இந்திய அணிக்காக ஆடினார்.

ஃபிஃபா என்னதான் கேட்கிறது?

ஃபிஃபா விதியில் இரண்டு பூட்டுகள் உண்டு. இரண்டும் திறக்க வேண்டும்.

முதல் பூட்டு, குடியுரிமை. எந்த நாட்டு அணிக்கு ஆட வேண்டுமோ அந்த நாட்டின் நிரந்தரக் குடியுரிமை கையில் இருக்க வேண்டும். அங்கே வசிக்கும்வரை மட்டுமே செல்லும் தற்காலிக ஏற்பாடு எதுவும் செல்லாது. 'குடியுரிமை கிடைக்க வாய்ப்பு இருக்கிறது' என்பதும் போதாது. கிடைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது பூட்டு, உறவு. பிறப்பிலேயே குடிமகனாக இருப்பவருக்கு இந்தச் சோதனை பொதுவாக வராது. பிற்பாடு புதிதாகக் குடியுரிமை வாங்கியவர், கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும்:

- அந்த நாட்டில் பிறந்தவராக இருக்க வேண்டும், அல்லது
- பெற்ற தாயோ தந்தையோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது
- தாத்தாவோ பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது
- அங்கே குறிப்பிட்ட காலம் வசித்திருக்க வேண்டும். 10 வயதுக்கு முன்பே குடியேறியவருக்கு 3 ஆண்டுகள், அதற்குப் பிறகு குடியேறியவருக்கு 5 ஆண்டுகள்.

சிறுவயதில் குடியேறியவர்கள் இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். தேசிய அணியில் ஆடுவதற்காகவே அந்த நாட்டுக்குப் போகவில்லை என்பதுதான் அது.

வில்லியம்ஸுக்கு இரண்டாவது பூட்டு தாயின் பிறப்பிடத்தால் திறந்தது. முதல் பூட்டைத் திறக்கத்தான் அவர் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டை விட வேண்டியிருந்தது.

இவ்வளவு கறார் எதற்கு?

ஒரு காலத்தில் இப்படி இல்லை. ஆல்ஃபிரடோ டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினாவுக்கும் ஆடினார், ஸ்பெயினுக்கும் ஆடினார். ஹங்கேரியின் புஸ்காஸ் 1962 உலகக் கோப்பையில் ஸ்பெயின் ஜெர்சியில் வந்தார். அப்போதெல்லாம் நாடு மாறுவது பெரிய விஷயமாக இல்லை.

2004-ல்தான் விவகாரம் முற்றியது. கத்தாரோடு எந்தத் தொடர்பும் இல்லாத மூன்று பிரேசில் வீரர்களைக் கத்தார் தன் அணிக்குக் கொண்டுவர முயன்றது. காசு இருக்கும் நாடு கடையில் பொருள் வாங்குவது போல ஆளை வாங்கிவிடும் என்று பயந்த ஃபிஃபா, அவசரமாக விதியை இறுக்கியது. முதலில் 2 ஆண்டு வசிப்பிடம் கேட்டது. 2008-ல் அதை 5 ஆண்டாக்கியது.

இறுக்கியது சிலருக்கு வேறு விதத்தில் வினையானது. முனீர் எல் ஹத்தாதி என்ற வீரர் 2014-ல் ஸ்பெயினுக்காக யூரோ தகுதிச் சுற்றில் 13 நிமிடம் ஆடினார். அவ்வளவுதான். அதன்பிறகு ஸ்பெயின் அவரை அழைக்கவில்லை. தன் தந்தையின் நாடான மொராக்கோவுக்கு ஆடலாம் என்றால் விதி விடவில்லை. வழக்குப் போட்டும் தோற்றார். 2020-ல் ஃபிஃபா விதியைத் தளர்த்தியது. அதன்படி 21 வயதுக்கு முன் மூன்று போட்டிகளுக்கு மேல் சீனியர் அணிக்கு ஆடாதவர், கடைசிப் போட்டி முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து நாடு மாறலாம். உலகக் கோப்பை, கண்டக் கோப்பைகளின் இறுதித் தொடரில் ஆடியிருக்கக் கூடாது. முதல் நாட்டுக்கு ஆடியபோதே இரண்டாவது நாட்டுக் குடியுரிமையும் இருந்திருக்க வேண்டும். இந்தத் தளர்வால்தான் 2021-ல் முனீர் மொராக்கோவுக்கு ஆடினார்.

பக்கத்து வீட்டில் நடப்பதைப் பாருங்கள். இங்கிலாந்தில் பிறந்து, அந்நாட்டின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடிய ஹம்சா சவுத்ரி, தாய்வழி உறவால் வங்கதேச வீரர் ஆனார். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராகத்தான் அவருடைய முதல் போட்டி. கோல் இல்லாத டிரா. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசம் 1-0 என இந்தியாவை வீழ்த்தியது. அதற்கு ஒரு மாதம் முன்பே கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இந்தியா இழந்திருந்தது. அதனால்தான் "வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களைக் கூட்டி வாருங்கள்" என்ற குரல் இப்போது பலமாகக் கேட்கிறது.

ஓசிஐ கார்டு இருந்தால் போதாதா?

போதாது. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஓசிஐ என்பது வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான அட்டை. விசா இல்லாமல் வரலாம், போகலாம், தங்கலாம். ஆனால் அது குடியுரிமை இல்லை, ஓட்டும் கிடையாது. எனவே ஃபிஃபாவின் முதல் பூட்டை அது திறக்காது.

அதோடு 2008 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகமும் இந்தியக் குடிமக்கள் மட்டுமே நாட்டுக்காக ஆடலாம் என்று கொள்கை வகுத்தது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆக, இங்கே வர வேண்டும் என்றால் அங்கே உள்ள பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஐரோப்பாவில் ஆடி சம்பாதிக்கும் 22 வயது வீரருக்கு இது எவ்வளவு பெரிய முடிவு என்று யோசித்துப் பாருங்கள். பயிற்சியாளராக இருந்தபோது இகோர் ஸ்டிமாச் ஓசிஐ வீரர்களை அனுமதிக்கச் சொல்லி எவ்வளவோ கேட்டும் நடக்கவில்லை. காரணம் இதுதான்.

வழி இல்லாமல் இல்லை. ஓசிஐ அட்டை பெற்று 5 ஆண்டு ஆனவர், விண்ணப்பிப்பதற்கு முன் 12 மாதம் இந்தியாவில் வசித்திருந்தால் குடியுரிமை கேட்கலாம் என்கிறது குடியுரிமைச் சட்டம்.

பினாங்கில் பிறந்த தாத்தா... மலேசியாவில் நடந்தது என்ன?

அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் போய்க் கேட்டால், "எங்க தாத்தா பினாங்குல பொறந்தவரு", "சித்தப்பா சிங்கப்பூர்ல இருக்காரு" என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. மலேசிய அணி சிக்கிய வழக்கு அவர்களுக்கு நன்றாகப் புரியும்.

2025 ஜூன் 10 அன்று ஆசியக் கோப்பை தகுதிச் சுற்றில் மலேசியா 4-0 என வியட்நாமைத் தோற்கடித்தது. அந்த அணியில் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து பக்கம் பிறந்த ஏழு புதிய வீரர்கள். தாத்தா அல்லது பாட்டி மலேசியாவில் பிறந்தவர் என்று சான்றிதழ் காட்டப்பட்டது. ஃபிஃபா அந்தந்த நாடுகளில் அசல் பிறப்புப் பதிவுகளைத் தேடி எடுத்தபோது, தாத்தா பாட்டிகள் பிறந்தது மலேசியாவிலேயே இல்லை என்று தெரிந்தது. செப்டம்பர் மாதம் ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, மலேசிய கால்பந்து சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் என்று ஃபிஃபா அறிவித்தது. சங்கம் மேல்முறையீடு செய்தது. நவம்பரில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழு அதையும் தள்ளுபடி செய்தது.

சரி, நிஜமாகவே தாத்தா பினாங்கில் பிறந்திருந்தால் அறந்தாங்கிப் பையன் மலேசியாவுக்கு ஆடலாமா? நேரடியாக முடியாது. தாத்தாவின் பிறப்பிடம் இரண்டாவது பூட்டைத்தான் திறக்கும். முதலில் மலேசியக் குடியுரிமை வேண்டும். அதை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

வளைகுடாவில் பிறந்த பிள்ளைகளுக்கும் இதே கதைதான். துபாயிலோ குவைத்திலோ பிறந்துவிட்டதால் அந்த நாட்டுக் குடியுரிமை தானாக வராது.

முகாமில் பிறந்த பையனுக்கு என்ன தடை?

இப்போது தோப்புக்கொல்லைக்குத் திரும்புவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, அழியாநிலை, லேணா விளக்கு ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் வசிக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு வரத் தொடங்கியவர்கள். பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறினாலும் சட்டத்தில் அவர்களின் நிலை மாறவில்லை.

நாம் சொன்ன பையனுக்கு ஃபிஃபாவின் இரண்டாவது பூட்டு ஏற்கெனவே திறந்திருக்கிறது. அவன் பிறந்ததே இந்தியாவில்தான். வசித்ததும் பிறந்த நாளில் இருந்து இங்கேதான். இதில் வில்லியம்ஸைவிட அவனுக்கு ஒரு படி மேலான உறவு இருக்கிறது. சிக்கல் முதல் பூட்டில்தான்.

குடியுரிமைச் சட்டம் 1955, பிறப்பைப் பொறுத்து மூன்று கோடுகள் போடுகிறது:

- 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பொதுவாக இந்தியக் குடிமகன்.
- அன்றிலிருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன் வரை பிறந்திருந்தால், தாய் அல்லது தந்தை இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்.
- அதற்குப் பிறகு பிறந்திருந்தால், இருவரும் இந்தியர்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

முதல் கோட்டுக்கு ஒரு நல்ல உதாரணம் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் உண்டு. அங்கே வசிக்கும் ஒரு பெண் 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதும் நீதிமன்றம் போனார். 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள், பாஸ்போர்ட் கொடுங்கள் என்றது. 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக ஓட்டுப் போட்டார்.

ஆனால் கால்பந்துக்கு இந்தக் கோடு உதவாது. 1984-ல் பிறந்த சுனில் சேத்ரி வயதுக்காரர்களுக்குத்தான் அது பொருந்தும். இன்றைக்கு 17, 20, 25 வயதில் பந்து உதைக்கும் யாரும் 1987-க்கு முன் பிறந்திருக்க முடியாது.

மூன்றாவது கோடு இன்னும் கடுமை. 2008-ல் பிறந்த பையனின் அம்மா ஆலங்குடிக்காரர், பிறப்பால் இந்தியர் என்றே வைத்துக்கொள்வோம். அப்பா முகாமைச் சேர்ந்தவர். படகில், பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவரைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்று பார்ப்பதால், அம்மாவின் குடியுரிமைகூட பிள்ளைக்குப் பாதுகாப்பு தருவதில்லை. அதே காரணத்தால் பல ஆண்டுகள் வசித்ததைக் காட்டிக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியும் அடைபடுகிறது.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இந்த 'சட்டவிரோத' முத்திரையைப் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த ஆறு மதத்தினருக்கு நீக்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாமல் தங்கியதற்கான நடவடிக்கையில் இருந்து அது விலக்கு தருகிறது. பயம் இல்லாமல் இருக்கலாம், அவ்வளவே. குடியுரிமை அதில் இல்லை.

நாடற்றவர்களுக்கு ஃபிஃபாவில் விதி இல்லையா?

இருக்கிறது. பலருக்குத் தெரியாத விதி இது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத, வசிக்கும் நாட்டின் சட்டப்படி குடியுரிமை கிடைக்க வழியும் இல்லாத ஒருவர், அங்கே 5 ஆண்டாவது வசித்திருந்தால் அந்த நாட்டு அணிக்கு ஆட ஃபிஃபா அனுமதிக்கலாம். ஆடுவதற்காகவே அங்கே குடியேறவில்லை என்று காட்ட வேண்டும். 2020-ல் வந்த மாற்றங்களில் இதுவும் ஒன்று.

படித்தவுடன் 'அட, இது நம்ம பையனுக்கே எழுதின மாதிரி இருக்கே' என்று தோன்றும். இரண்டு இடத்தில் தட்டுகிறது.

ஒன்று, முகாமில் இருக்கும் எல்லோரும் நாடற்றவர்கள் இல்லை. பெற்றோர் இலங்கைக் குடிமக்களாக இருந்து, பிள்ளையின் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்திருந்தால், அந்தப் பிள்ளை இலங்கைக் குடிமகன். அவருக்கு இந்த விதி பொருந்தாது. மலையகத்தில் இருந்து வந்து எந்தப் பதிவும் இல்லாமல் போன குடும்பங்கள் வேறு கதை.

இரண்டு, ஃபிஃபாவே சரி என்றாலும் 2008 கொள்கை குறுக்கே நிற்கும். இந்தியக் குடிமகன் அல்லாதவரை இந்திய அணிக்குத் தேர்வு செய்ய இங்கே இடம் இல்லை.

அப்போ இலங்கைக்கு ஆடலாமே?

இலங்கைக் குடியுரிமை பதிவானவர்கள் தாராளமாக ஆடலாம். வெளிநாட்டில் பிறந்தவர்களைத் தேடிப் பிடிப்பதில் இலங்கை இந்தியாவைவிட வேகமாகவே போகிறது. பெர்லினில் பிறந்த வசீம் ராசிக், லண்டனில் பிறந்த டிலன் டி சில்வா எல்லாம் இலங்கை அணிக்கு ஆடியவர்கள்தான். இலங்கை இரட்டைக் குடியுரிமையையும் அனுமதிக்கிறது.

கேட்கச் சுலபம். ஆனால் முகாம் பையனுக்கு இதன் பொருள் வேறு. வீட்டில் இருப்பவர்கள் எந்த நாட்டை விட்டு ஓடி வந்தார்களோ அந்த நாட்டு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். போய்விட்டுத் திரும்பி வந்தால் அம்மா அப்பாவோடு முகாமில் இருக்க முடியுமா, விசா கேட்பார்களா என்பது அடுத்த கவலை.

ஃபிஃபாவுக்கு வெளியேயும் கால்பந்து இருக்கிறது. நாடாக அங்கீகரிக்கப்படாத மக்களின் அணிகளுக்காகக் கோனிஃபா என்ற அமைப்பு நடத்தும் போட்டிகளில், புலம்பெயர்ந்தோரைக் கொண்ட தமிழீழ அணி ஆடியிருக்கிறது. 2018-ல் லண்டனில் நடந்த தொடரிலும் கலந்துகொண்டது. அதில் ஆட வேண்டும் என்றாலும் பயணம் போக ஏதோ ஒரு நாட்டு பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் சோகம்.

இனி என்ன நடக்கலாம்?

வெளிநாட்டில் இருக்கும் வம்சாவளி வீரர்களை அழைத்து வருவது பற்றி இந்தியாவில் நிறையப் பேச்சு நடக்கிறது. நடக்கட்டும், தப்பில்லை. வில்லியம்ஸ் தன் நாட்டு பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்து வந்தவர். அவர்மீது யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேச்சில் உள்ளூரில் பிறந்து வளர்ந்த இந்தப் பிள்ளைகளின் பெயர் ஒருமுறைகூட வருவதில்லை.

வழி இரண்டு இருக்கிறது. பெரிய வழி, குடியுரிமைச் சட்டத்தில் இலங்கைத் தமிழரையும் சேர்ப்பது, அல்லது இங்கே பிறந்த தலைமுறைக்கு மட்டுமாவது பதிவு மூலம் குடியுரிமை தருவது. இதை நாடாளுமன்றம்தான் செய்ய முடியும். தமிழ்நாட்டுக் கட்சிகள் பல ஆண்டுகளாகக் கேட்டும் நகரவில்லை.

சின்ன வழி, 2008 கொள்கையில் ஒரு விலக்கு. நாடற்றவர் என்று நிரூபணமாகி, ஃபிஃபாவும் தகுதி கொடுத்துவிட்டால், இந்தியா தடுக்காது என்று அமைச்சகம் ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது. எத்தனை பேருக்கு அது பயன்படும் என்பது வேறு விஷயம். ஒருத்தருக்குப் பயன்பட்டாலும் கதவு இருக்கிறது என்று மற்ற பிள்ளைகளுக்குத் தெரியும்.

பெற்றோர் இப்போதே செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தாய் தந்தையின் பிறப்பிட ஆவணம், முகாம் பதிவு, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். மலேசிய வழக்கு முடிவானதும் ஒரு பிறப்புச் சான்றிதழில்தான். கொட்டப்பட்டுப் பெண்ணுக்கு ஓட்டு கிடைத்ததும் மண்டபத்தில் பிறந்ததற்கான ஒரு பிறப்புச் சான்றிதழால்தான்.

காரைக்குடி பக்கத்துக் கண்டனூரில் இருந்து கிளம்பி, பெங்களூரு எஃப்சி ஜெர்சியில் வில்லியம்ஸோடு ஒரே அணியில் ஆடியவர் சிவசக்தி நாராயணன். அங்கிருந்து லேணா விளக்கு முகாம் கொஞ்ச தூரம்தான். இரண்டு இடத்திலும் பையன்கள் சாயங்காலம் ஆனால் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். ஒருவனுக்கு இந்திய ஜெர்சி வரை வழி இருக்கிறது. இன்னொருவனுக்கு எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேட்டால், இனி ஃபிஃபாவைக் கை காட்ட வேண்டாம். பதில் டெல்லியில் இருக்கிறது.